காரேஜ் தச்சுப் பட்டறை: மெஷின் வாங்குமுன் இடத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு காரேஜைத் தச்சுப் பட்டறையாக மாற்றுவது பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கே முதலில் நன்றி. மரவேலையில் ஆசை உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத் தமிழில் எழுதுகிறவர்கள்தான் குறைவு. ஆனால் கட்டுரை முழுக்க எந்த மெஷின் வாங்கலாம், எத்தனை எச்.பி. வேண்டும், எது முதலில் எது அப்புறம் என்றே போய்விட்டது. இடத்தை ஒழுங்குபடுத்துவது பற்றிக் கடைசியில் ஒரே ஒரு பத்தி, அதிலும் மெஷின்களை எல்லாம் சுவரை ஒட்டி வைத்தால் நடுவில் தாராளமாக இடம் கிடைக்கும் என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதை நம்பி ஒருவர் பட்டறை போட்டால் முதல் பிளைவுட் பலகையை அறுக்கும்போதே மாட்டிக்கொள்வார்.

மேசைக்கு நடுவே வட்ட பிளேடு சுற்றுகிற மேசை ரம்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது நிற்பதற்கு மூன்றடிக்கு மூன்றடி போதும். ஆனால் 8க்கு 4 பலகை ஒன்றை அதில் நீளவாக்கில் அறுக்க பிளேடுக்கு முன்னால் எட்டடி வேண்டும், அறுபட்டு வெளியே வருவதற்குப் பின்னால் இன்னொரு எட்டடி வேண்டும், பலகையின் அகலத்துக்கு ஒரு பக்கம் நாலடி வேண்டும், தள்ளுகிற ஆளுக்கு நிற்க இடம் வேண்டும். ஒரு கார் நிற்கிற காரேஜின் நீளமே ஏறக்குறைய இருபதடிதான். ஆக, சுவரை ஒட்டி வைத்த ரம்பத்தில் சின்னத் துண்டுகளைத் தவிர எதையும் அறுக்க முடியாது. இழைக்கிற மெஷினுக்கும் இதே கதைதான், பலகை உள்ளே போகிற நீளம் எவ்வளவோ அவ்வளவு வெளியேயும் வர வேண்டும். நிற்கிற டிரில் மெஷின், பேண்ட் சா என்கிற பட்டை ரம்பம், சாணை, உளி தீட்டுகிற மேசை இவற்றைத்தான் தாராளமாகச் சுவர்ப் பக்கம் தள்ளலாம், அதிலும் டிரில் மெஷினுக்கு இரண்டு பக்கமும் நீளச் சட்டம் நீட்டிக்கொண்டிருக்க இடம் விட வேண்டும். மெஷின் அடைக்கிற இடத்தை அளக்காதீர்கள், மரம் போய் வருகிற வழியை அளங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது, இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

இதைக் காகிதத்திலேயே பார்த்துவிடலாம். ஒரு அடிக்கு அரை இன்ச் என்று வைத்துக்கொண்டால் 20க்கு 10 அடி காரேஜ் 10க்கு 5 இன்ச் ஆகிவிடும், ஒரு ஏ4 தாளில் அடங்கும். கதவு, ஜன்னல், பிளக் பாயின்ட், வீட்டுக்குள் போகிற வாசல் எல்லாவற்றையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அட்டையில் ஒவ்வொரு மெஷினையும் அதே கணக்கில் வெட்டி எடுங்கள். முக்கியமாக இன்னொரு அட்டை வெட்ட வேண்டும், அதை யாரும் வெட்டுவதில்லை: 4க்கு 2 இன்ச்சில் ஒரு துண்டு, அதுதான் முழு பிளைவுட் பலகை. அதைக் கையில் எடுத்து வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்து, சாத்தி வைக்கிற இடத்திலிருந்து ரம்பத்துக்குத் திருப்பி, ரம்பம் வழியாகத் தள்ளிப் பாருங்கள். எங்கே முட்டுகிறது என்று அந்த மேசையிலேயே தெரிந்துவிடும். சரியாக அமைந்த பிறகு தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி நிஜ அளவில் ஒரு தடவை நடந்து பார்த்தால் இன்னும் நல்லது.

தாளில் தெரியாதது உயரம். காரேஜ் கதவு மேலே சுருளாமல் முழுப் பலகையாக உள்ளே மடங்கி வருகிற வகை என்றால், கதவைத் திறந்ததும் அது கூரையின் பாதியை மூடிக்கொள்ளும், அங்கே மாட்டிய விளக்கெல்லாம் அதற்கு மேலே போய்விடும். காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்து வேலை செய்கிறவருக்கு அந்த நேரத்தில்தான் வெளிச்சம் போகும். கதவு ஓடுகிற தண்டவாளமும் அப்படித்தான், எட்டடிப் பலகையை நிமிர்த்தித் திருப்பும்போது சரியாக அதில் போய் இடிக்கும்.

அந்த வரைபடத்தில் ரம்பத்தின் பிளேடுக்கு நேராக ஒரு கோடு போட்டு, ஆள் நிற்கிற பக்கமாக அதை நீட்டிப் பாருங்கள். பிளேடு மரத்தைப் பின்னால் எறிந்தால் அது போகிற வழி ஏறக்குறைய அதுதான். வேலை செய்கிறவர் அந்தக் கோட்டில் நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நிற்பார், பழகியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் அந்தக் கோடு வீட்டு வாசலில் போய் முடிந்தால் என்ன ஆகும்? சத்தத்தில் எதுவும் கேட்காமல் ஒரு குழந்தை கதவைத் திறந்துகொண்டு வரும். ரம்பத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் தீர்ந்துபோகிற விஷயம், இடம் திட்டமிடும்போது செய்யாவிட்டால் அப்புறம் யாரும் செய்வதில்லை. அதேபோல மரத்தைத் தள்ளுகிற குச்சியை ரம்பத்தின் உடம்பிலேயே ஒரு கொக்கியில் மாட்டி வைக்க வேண்டும். எதிர்ச் சுவரில் மாட்டி வைத்தால், ஓடுகிற பிளேடை விட்டுவிட்டு அதை எடுக்க யாரும் நடந்து போக மாட்டார்கள், விரலாலேயே தள்ளிவிடுவார்கள்.

இடம் ரொம்பச் சின்னதாக இருந்தால் மேசை ரம்பமே வேண்டாம் என்றும் யோசிக்கலாம். 18 மி.மீ. பிளைவுட் முழுப் பலகை 30 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒற்றை ஆளாக அதைத் தூக்கிச் சின்ன மேசையில் சாய்க்காமல் தள்ளுவது கஷ்டம், ஆபத்தும்கூட. தரையில் தடியான தெர்மோகோல் பலகை விரித்து, அதன்மேல் பிளைவுட்டைப் படுக்க வைத்து, வழிகாட்டிச் சட்டத்தோடு, கையில் பிடித்து ஓட்டுகிற வட்ட ரம்ப மெஷினை ஓட்டினால் பலகை அசையவே வேண்டாம், ரம்பம்தான் நகரும். வேலை முடிந்ததும் தெர்மோகோலைச் சுவரில் சாத்திவிடலாம். பெரும்பாலும் அலமாரியும் பெட்டியும் செய்கிறவருக்கு இதுவும் ஒரு நல்ல வேலை மேசையும் போதும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, மெஷின் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது என்றால் சக்கரம் போடுவதுதான் வழி. சக்கரம் என்று சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை, எந்தச் சக்கரம் என்று சொல்ல வேண்டும். உருளுவதை மட்டும் நிறுத்துகிற பிரேக் போதாது, சுழலுவதையும் சேர்த்துப் பூட்டுகிற வகை வேண்டும், இல்லாவிட்டால் இழைக்கும்போது மேசை ஒரு இன்ச் அங்கும் இங்கும் ஆடிக்கொண்டே இருக்கும். அதைவிட நல்லது, நெம்புகோலை மிதித்தால் சக்கரம் மேலேறி மெஷின் சொந்தக் காலில் நிற்கிற ஏற்பாடு. இன்னொன்று, காரேஜ் தரை பொதுவாக மட்டமாக இருக்காது, தண்ணீர் வெளியே ஓடுவதற்காகக் கதவுப் பக்கம் சரிவு கொடுத்திருப்பார்கள். ஒரு இடத்தில் ரசமட்டம் பார்த்துச் சரிசெய்த மேசையை நாலடி நகர்த்தினால் மறுபடி கோணும். அதனால் எதை நகர்த்துவது, எதை நிரந்தரமாக நிறுத்துவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் வேலை மேசை நகரக் கூடாது. அது கனமாக, ஒரே இடத்தில், காலுக்கடியில் ஆப்பு வைத்து மட்டம் பார்த்து நிற்க வேண்டும், மற்றவை அதைச் சுற்றி வந்து போகட்டும். அந்த மேசையின் உயரம் ரம்ப மேசையைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக இருந்தால், ரம்பத்திலிருந்து வருகிற பலகையைத் தாங்கவும் அதுவே ஆகும், ஒரே இடத்துக்கு இரண்டு வேலை. ஆனால் கையால் இழைப்புளி ஓட்டுவதற்கு மேசை கொஞ்சம் தாழ்வாக, நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை படுகிற உயரத்துக்குள் இருப்பதுதான் உடம்புக்கு நல்லது. இரண்டும் ஒத்துவராவிட்டால் உடம்பின் பக்கம் நில்லுங்கள், ரம்பத்துக்குத் தனியாக ஒரு மடிப்புத் தாங்கி செய்துகொள்ளலாம்.

கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று மெஷின் செருகியிருந்தது, மிச்ச வயர் பக்கத்தில் வட்டமாகச் சுருட்டிக் கிடந்தது. அதைப் பார்த்து ஒருவர் அப்படியே செய்வார் என்பதால்தான் சொல்கிறேன். ஒரு எச்.பி. என்பது 746 வாட், இரண்டு எச்.பி. மோட்டார் தன் இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 2000 வாட் இழுக்கும், 230 வோல்ட்டில் அது எட்டு ஒன்பது ஆம்பியர், 120 வோல்ட் உள்ள இடங்களில் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஸ்விட்ச் போட்ட அந்த நொடியில் இழுக்கிறது இதைப் போலப் பல மடங்கு. கூடவே தூசி உறிஞ்சும் மெஷினும் ஓடும், அது இல்லாமல் ரம்பத்தை ஓட்டக் கூடாது. ஆக ரம்பத்துக்கு ஒரு லைன், உறிஞ்சிக்கு ஒரு லைன் என்று போர்டிலிருந்தே தனித்தனியாக இழுத்துவிட வேண்டும். சுருட்டிய வயர் வழியாகக் கரண்ட் அதிகம் போனால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உறையே உருகும். விளக்குகளுக்கு இன்னொரு தனி லைன். ரம்பம் டிரிப் ஆகும்போது விளக்கும் சேர்ந்து அணைந்தால், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிற பிளேடுக்கு முன்னால் இருட்டில் நிற்க வேண்டியிருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கிற ஆர்.சி.டி. கட்டாயம் வேண்டும், கான்கிரீட் தரையில் நின்றுகொண்டு வேலை செய்கிறோம். இதெல்லாம் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. பிளக் பாயின்ட்டை மட்டும் எங்கே வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும்: வேலை மேசையின் உயரத்துக்கு மேலே, சாத்தி வைத்த பலகை மறைக்காத இடத்தில்.

வெளிச்சத்துக்கும் கணக்கு இருக்கிறது. மெஷின் வேலைக்கு 500 லக்ஸ் அளவில் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்கிற அளவு. விளக்கு தருகிற ஒளியை லூமனில் அளப்பார்கள், ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். 20க்கு 10 அடி என்பது ஏறக்குறைய 18.5 சதுர மீட்டர், ஆக வேலை செய்கிற உயரத்தில் 9000 லூமனுக்கு மேல் விழ வேண்டும், சுவரும் கூரையும் விழுங்குவதையும் சேர்த்தால் விளக்குகளிலிருந்து 15,000 லூமன் அளவுக்குப் புறப்பட வேண்டும். நாலடி எல்.ஈ.டி. டியூப் ஒன்று ஏறக்குறைய 2000 லூமன் தரும் என்றால் ஏழு எட்டு டியூப். நிறையத் தோன்றும், மாட்டிப் பார்த்த பிறகு யாரும் குறைக்க மாட்டார்கள். சுவருக்கும் கூரைக்கும் வெள்ளை அடித்தால் அதே விளக்கு இன்னும் நன்றாகத் தெரியும், பட்டறையில் செய்கிற மிக மலிவான முன்னேற்றம் அதுதான். பழைய சோக் வைத்த டியூப் லைட் இருந்தால் மாற்றிவிடுங்கள், அது நொடிக்கு நூறு அல்லது நூற்றிருபது தடவை மினுக்குகிறது, சுற்றுகிற ஒன்று அந்த மினுக்கலில் மெதுவாகச் சுற்றுவது போலவோ நிற்பது போலவோ தெரியலாம். வேலை மேசைக்கு மட்டும் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழுகிற விளக்கு ஒன்று கூடுதலாக வேண்டும். மேலிருந்து விழுகிற வெளிச்சத்தில் வழுவழுவென்று தெரிகிற பலகையில், பக்க வெளிச்சம் பட்டதும் இழைப்புளியின் ஓரம் விட்டுப்போன மெல்லிய வரம்பும், உப்புத்தாளின் குறுக்குக் கீறலும், துடைக்காமல் விட்ட பசைத் தடமும் தெளிவாகத் தெரியும். பாலிஷ் போட்ட பிறகு பார்ப்பதற்குப் பதில் போடுமுன்பே பார்த்துக்கொள்ளலாம்.

தூசியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு மிகவும் வருத்தம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, அதுவும் 1995ஆம் ஆண்டிலேயே. மூக்குக்குள்ளும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் வருகிற புற்றுநோய் அது. வருஷக்கணக்காகத் தொழிலாகச் செய்கிறவர்களுக்குத்தான் அபாயம் அதிகம், வார இறுதியில் செய்கிறவர்கள் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் பெரிய பட்டறையில் இருக்கிற காற்றோட்டம் மூடிய காரேஜில் இருக்காது, வீட்டுக்குள் திறக்கிற கதவு வழியாகத் தூசி வீட்டில் உள்ளவர்களின் மூச்சுக்கும் போகும்.

கண்ணுக்குத் தெரிந்து தரையில் விழுகிற தூள் பெரிய பிரச்சினை இல்லை, கூட்டிவிடலாம். 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ளதுதான் பிரச்சினை, தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்குகூட இருக்காது, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மாலை வெயில் கதவு இடுக்கு வழியாகச் சாய்வாக விழும்போது பாருங்கள், மெஷின் நிறுத்தி வெகுநேரம் ஆகியும் அந்த ஒளிக்கோட்டில் துகள் சுற்றிக்கொண்டே இருக்கும், கண்ணுக்குப் படுவதே அதில் கொஞ்சம்தான். அதனால் மெஷினை நிறுத்தியதும் முகக்கவசத்தைக் கழற்றுவது தப்பு. துடைப்பத்தால் வேகமாகக் கூட்டுவதும், கம்ப்ரசர் வைத்து ஊதுவதும் அடங்கியதை மறுபடி கிளப்பிவிடும். தூசி கிளம்புகிற இடத்திலேயே பிடிக்க வேண்டும், அதற்குத்தான் உறிஞ்சி. இதில் இரண்டு வகை இருக்கிறது, கடையில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. வாக்குவம் கிளீனர் வகை குறுகிய குழாயில் பலமாக இழுக்கும், காற்றின் அளவு குறைவு, அது கை மெஷின்களுக்கு, தேய்க்கிற மெஷினுக்கும், மரத்தில் பள்ளமும் விளிம்பும் செதுக்குகிற ரவுட்டருக்கும் பொருந்தும். பெரிய விசிறி வைத்த தூசி சேகரிப்பான் இழுக்கிற பலம் குறைவு, காற்றின் அளவு அதிகம், அது ரம்பத்துக்கும் இழைக்கிற மெஷினுக்கும். 4 இன்ச் குழாயின் வாய் 2.5 இன்ச் குழாயைவிட இரண்டரை மடங்கு பெரிது, பெரிய மெஷினில் சின்னக் குழாயை மாட்டிவிட்டு இழுக்கவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. குழாய் எவ்வளவு குட்டையோ, வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதனால்தான் இடத்தைத் திட்டமிடும்போதே உறிஞ்சி நிற்கிற இடத்தையும் அட்டை வெட்டி வைக்கச் சொல்கிறேன், அதிகத் தூள் போடுகிற இரண்டு மெஷினுக்கும் நடுவில் அது வர வேண்டும். உறிஞ்சிக்கு முன்னால், காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கிற ஒரு சைக்ளோன் டப்பா வைத்தால் சீவலும் பெரும் தூளும் அதிலேயே விழுந்துவிடும், ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. துணிப் பை வைத்த பழைய வகை நுண் தூளை அப்படியே மறுபக்கம் வெளியே விடும், 1 மைக்ரான் அளவில் வடிக்கிற ஃபில்டருக்கு மாற்றுவது இன்னொரு மெஷின் வாங்குவதைவிட முக்கியம். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இரும்பு தீட்டுகிற சாணைக்கு மரத்தூள் உறிஞ்சியை மாட்டவே கூடாது, பையில் போய் விழுகிற ஒரு தீப்பொறி போதும்.

கை ஆயுதங்களை வைப்பது இதோடு ஒப்பிட்டால் சுலபம், செய்யவும் சந்தோஷமாக இருக்கும். எது எந்த இடத்தில் கைக்குத் தேவைப்படுகிறதோ அது அங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். உளிகளை எல்லாம் ஒரு இடத்தில், அளக்கிற சாமான்களை எல்லாம் இன்னொரு இடத்தில் என்று சாதி பிரித்து வைத்தால் பார்க்க அழகு, வேலைக்கு ஆகாது. என் வேலை மேசைக்குப் பின்னால் சுவரில் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் மூலைமட்டம், குறிக்கிற கத்தி, பென்சில், அரை இன்ச் உளி, கொட்டாப்புளி, சின்ன இழைப்புளி மட்டும் இருக்கின்றன, இன்னொரு மூலைமட்டமும் பென்சிலும் ரம்பத்தின் பக்கத்தில். இரண்டு மூலைமட்டம் எதற்கு என்று கேட்பவர்கள், ஒன்றைத் தேடி எத்தனை தடவை நடக்கிறோம் என்று ஒரு நாள் கவனித்தால் போதும்.

சுவரில் மாட்டுவதற்கு ஆணி அடிப்பதைவிட, துளைப் பலகை வாங்குவதைவிட, பிரெஞ்ச் கிளீட் என்கிற சரிவுப் பட்டிதான் என் தேர்வு. 18 மி.மீ. பிளைவுட்டில் மூன்று நாலு இன்ச் அகலத்துக்குப் பட்டி அறுத்து, அதன் ஒரு விளிம்பை 45 டிகிரிக்குச் சரித்து, சரிவு மேலேயும் சுவரைப் பார்த்தும் இருக்கும்படி குறுக்காகச் சுவரில் முடுக்கிவிட வேண்டும். பட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி வரும். மாட்ட வேண்டிய தட்டுக்கோ பெட்டிக்கோ பின்புறம் இதே பட்டியைத் தலைகீழாக வைத்தால் அது அந்த வாய்க்காலில் உட்கார்ந்துகொள்ளும், கனம் கூடக்கூடச் சுவரோடு இறுகும். இதில் எனக்குப் பிடித்தது இறுக்கம்கூட இல்லை, எதையும் தூக்கி வேறு இடத்தில் மாட்டலாம் என்பதுதான். பட்டறை ஒழுங்கு ஒரே நாளில் முடிகிற விஷயம் இல்லை, செய்கிற வேலை மாறும்போது அதுவும் மாற வேண்டும், மாற்ற ஸ்குரு கழற்ற வேண்டியிருந்தால் யாரும் மாற்ற மாட்டார்கள். பட்டியைச் சுவரின் உறுதியான இடத்தில், செங்கல் சுவரென்றால் நல்ல பிளக் போட்டு, மரச்சட்டச் சுவரென்றால் சட்டத்திலேயே முடுக்க வேண்டும், அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஒட்டிய மரத்தை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்புகள் எல்லாம் சேர்ந்தால் பயங்கரக் கனம், அவற்றைத் தாழ்வாக, பசை போட்டு ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், பசை காய ஆரம்பித்த பிறகு எதிர்ச் சுவருக்கு ஓடக் கூடாது. உளி தீட்டுகிற கல்லுக்கு ஒரு நிரந்தர இடம் வேண்டும், 1000, 6000 என்று (எண் கூடக்கூடக் கல் நைஸ்) இரண்டு கல் எப்போதும் விரித்தபடி இருந்தால் மழுங்கின உடனே இரண்டு நிமிஷம் தீட்டிவிட்டு வரலாம், டப்பாவிலிருந்து எடுத்து வைக்க வேண்டும் என்றால் மழுங்கின உளியோடேயே அந்த நாள் போகும். ஸ்குரு, ஆணி, கீல் எல்லாம் கண்ணாடி மாதிரி தெரிகிற டப்பாவில். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மரத்தை வைப்பதில் இடத்தோடு ஈரமும் சேர்ந்துகொள்கிறது. கான்கிரீட் தரை காய்ந்த மாதிரி தெரியும், ஆனால் கீழிருந்து ஈரத்தை ஏற்றிக்கொண்டே இருக்கலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், அடியில் நீர் கோத்தாலோ தரை கருத்திருந்தாலோ மரத்தைத் தரையில் வைக்கவே கூடாது. சட்டங்களையும் பலகைகளையும் சுவரில் தாங்கி போட்டுப் படுக்கையாக அடுக்குங்கள், தாங்கிகளுக்கு நடுவில் ஒன்றரை அடிக்கு மேல் இடைவெளி வேண்டாம், இல்லாவிட்டால் மெல்லிய பலகை தொங்கி வளையும். பிளைவுட் நிமிர்த்தி வைக்கலாம், ஆனால் சாய்வாக இல்லாமல் நேராக, அடியில் கட்டை கொடுத்து. மரம் ஈரம் இழக்கும்போது வளையங்களின் போக்கில் சுருங்குவது வளையங்களுக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, கோப்பையாக வளைவதற்குக் காரணம் அதுதான். அதனால் வாங்கி வந்த மரத்தைச் சில வாரம் காற்றுப் போகும்படி இடையில் ரீப்பர் வைத்து அடுக்கி, பட்டறையின் காற்றுக்குப் பழக விட வேண்டும், அந்த அடுக்குக்கும் வரைபடத்தில் இடம் ஒதுக்க வேண்டும். துண்டு மரம்தான் எல்லாப் பட்டறையையும் மூழ்கடிப்பது. ஒரு பெட்டி வையுங்கள், அது நிறைந்தால் புதிதாக ஒன்று போடும்போது பழையது ஒன்று வெளியே போக வேண்டும். நல்ல மரமாயிற்றே என்று மனசு வராது, எனக்கும் தெரியும். ஆனால் தடுக்கி விழுகிற இடத்தில் கிடக்கிற தேக்குத் துண்டு யாருக்கும் உபயோகமில்லை.

காரும் அங்கேயே நிற்க வேண்டிய வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும், மெஷினின் தீப்பொறியும் அங்கே கிளம்பும். காரை வெளியே எடுத்து, கதவைத் திறந்து வைத்து, கொஞ்ச நேரம் விட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது தானே சூடாகி, கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தீப்பற்றும். வெளியே ஒற்றைத் துணியாக விரித்துக் காய வைக்க வேண்டும், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும். தீயணைப்பான் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், மூலையில் வேண்டாம், வெளியே போகிற வழியில்தான் அது கைக்கு வர வேண்டும். காதுக்கும் அப்படித்தான்: 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது, 100 டெசிபெல்லுக்குக் கால் மணி நேரம்தான் கணக்கு, ரவுட்டர் அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும். காது மூடியை ஸ்விட்சுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டால் போதும், போடாமல் ஸ்விட்சில் கை வைக்க முடியாது.

இதெல்லாம் ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெள்ளை அடிப்பதும் விளக்கும் முதலில், மின்சாரம் கூடவே, தூசி அடுத்தது, சுவர்ப் பட்டி அப்புறம், புது மெஷின் கடைசியில். இதற்கு நடுவில் ஏதாவது ஒரு சின்ன வேலை, ஒரு ஸ்டூலோ பெட்டியோ செய்து பாருங்கள், எதற்காக நடந்தோம், எதைத் தேடினோம் என்று ஒரு தாளில் அங்கேயே எழுதி வையுங்கள், அடுத்து எதை மாற்றுவது என்று அந்தத் தாளே சொல்லும். சுவர் முழுக்க நிரந்தர அலமாரி செய்வதில்தான் பலரும் தொடங்குகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை, எது எங்கே வேண்டும் என்று தெரியுமுன் செய்கிற அலமாரி அது.

உங்களிடம் இரண்டு கோரிக்கை. சுவரை ஒட்டி வைக்கச் சொன்ன வரிக்கும் அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் படத்துக்கும் அடுத்த வார இணைப்பிலேயே ஒரு திருத்தம் போடுங்கள், இந்த மாதிரிப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இரண்டாவது, ஒற்றைக் கார் காரேஜுக்கும் இரட்டைக் கார் காரேஜுக்கும் அளவு போட்ட இரண்டு மாதிரி வரைபடம் வெளியிடுங்கள், மெஷினோடு 8க்கு 4 பலகையும் அதில் அதே அளவில் வரையப்பட்டிருக்கட்டும். மின்சாரப் பகுதியை ஒரு எலக்ட்ரீஷியனையே எழுதச் சொல்லுங்கள். வரைபடம் போடுவதற்கு உதவி வேண்டுமானால் என்னிடம் இருக்கிற அட்டைத் துண்டுகளையும் அளவுகளையும் அனுப்பி வைக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மரவேலை செய்கிற ஒரு வாசகர்